மிச்சம் முப்பத்தாறு பேர்

ஆசிரியர்கள் நாங்கள் காலங்காலமாகச் செய்துவரும் ஒரு சடங்கு உண்டு. ஒரு பிள்ளை அழுதுகொண்டே வந்து இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும். இரண்டு பேரையும் கூப்பிட்டு எதிரெதிரே நிற்கவைப்போம். "நீ என்ன சொன்ன? நீ என்ன பண்ணுன?" என்று ஆளுக்கொரு கேள்வி. "சரி, சாரி சொல்லு. கை குடுத்துக்கோங்க. இனிமே ஒழுங்கா இருக்கணும், போங்க." இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுப் பாதியில் விட்ட பாடத்துக்குத் திரும்பிவிடலாம். ரப்பரை எடுத்தது யார், ஜன்னலோரத்தில் உட்கார்ந்தது யார் என்கிற வழக்குகளுக்கு இது போதும். சமமான இரண்டு பேர் சண்டை போட்டால் சாயங்காலமே ஒன்றாக சைக்கிளில் போவார்கள், நாம் தலையிடாவிட்டாலும் போவார்கள்.

ஆனால் ஒருவனை ஒருவன், அல்லது ஒருத்தியை நாலு பேர், தினமும் குறிவைத்து நோகடிக்கிற விஷயத்தில் இந்தக் கைகுலுக்கல் கெடுதல்தான் செய்கிறது. அழுத பிள்ளை, பாதித் தப்பு தன்மேலும் இருப்பதுபோல எல்லோர் முன்னாலும் கையை நீட்டவேண்டியிருக்கிறது. எதிரே நிற்பவன் குலுக்கும்போதே கொஞ்சம் கூடுதலாக அழுத்துவான், அது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த இன்டர்வெல்லில் "என்னடா, டீச்சர்ட்ட போட்டுக்குடுக்கியா?" என்று இரண்டாவது சுற்று ஆரம்பிக்கும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை நம்மிடம் வராது. வராததைப் பார்த்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நாமும் சந்தோஷமாக இருந்துவிடுவோம்.

நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சீண்டுகிறவன் ஒருவன், அவனுக்கு எடுபிடி இரண்டு பேர், மாட்டிக்கொண்டவன் ஒருவன். புகார், விசாரணை, தண்டனை, அறிவுரை எல்லாமே இந்த நாலு பேரைச் சுற்றித்தான் நடக்கிறது. மிச்சம் முப்பத்தாறு பேரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் கட்சி என்னவென்றால், வேலையை அந்த முப்பத்தாறு பேரிடம்தான் தொடங்கவேண்டும்.

இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. டான் ஓல்வேயஸ் என்று ஒரு உளவியலாளர், ஸ்வீடன்காரர், நார்வேயின் பெர்கன் நகரில் இருந்து வேலை பார்த்தவர். சாதாரணச் சண்டையையும், புல்லியிங் என்கிற குறிவைத்த சீண்டலையும் பிரித்துப் பார்க்க அவர் சொன்னது மூன்று விஷயம். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு தரப்புக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. இந்த மூன்றாவதை நாம் சுத்தமாக மறந்துவிடுவதால்தான் "ரெண்டு பேரும் கை குடுங்க" என்கிறோம். 1982 கடைசியில் வடக்கு நார்வேயில், 10 முதல் 14 வயதுக்குள் இருந்த மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் தொடர்ந்த கொடுமைதான் காரணம் என்று பேசப்பட்டது. நாடே கலங்கிப்போய், 1983-இல் கல்வி அமைச்சகம் நாடு தழுவிய ஒரு இயக்கத்தைத் தொடங்கியது. பெர்கனில் 42 பள்ளிகளில் சுமார் 2,500 பிள்ளைகளை ஓல்வேயஸ் தொடர்ந்து கவனித்தார். இரண்டு ஆண்டுகளில் தொல்லை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று எழுதினார். அவர்கள் செய்ததில் மந்திரம் ஒன்றும் கிடையாது: இடைவேளையில் ஆசிரியர்கள் மைதானத்தில் நின்றார்கள், வகுப்புக்கென்று நாலைந்து விதிகள் வைத்தார்கள், வாரந்தோறும் வகுப்பாக உட்கார்ந்து பேசினார்கள், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அந்த விதிகளில் ஒன்று, தனியாக விடப்பட்டவர்களை நாம் சேர்த்துக்கொள்வோம் என்பது. விதியே முப்பத்தாறு பேருக்கானது, கவனித்தீர்களா?

அதைவிட என்னை அசைத்தது கனடாவில் நடந்த இன்னொரு ஆய்வு. டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் என்ற இருவரும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து டொராண்டோ பள்ளி மைதானங்களில் கேமரா வைத்து, பிள்ளைகள்மேல் சின்ன மைக் மாட்டி, நடப்பதை அப்படியே பதிவு செய்தார்கள். 2001-இல் வந்த கட்டுரையின்படி, சீண்டல் நடந்த சம்பவங்களில் 88 சதவீதத்தில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். யாராவது குறுக்கே போனது 19 சதவீதத்தில் மட்டும். ஆனால் அப்படிக் குறுக்கே போனபோது, பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. பத்து விநாடி! நான் ஸ்டாஃப் ரூமிலிருந்து எழுந்து கதவுக்கு வருவதற்குள் முடிந்துபோகிற விஷயம். பெரியவர்களால் ஆகாத வேகத்தில் பிள்ளைகளால் நிறுத்தமுடிகிறது, ஆனால் பெரும்பாலும் அவர்கள் செய்வதில்லை.

ஏன் செய்வதில்லை என்பதற்கு ஃபின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996-இல் எழுதியது உதவுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 573 பேரை ஆராய்ந்து, வகுப்பில் ஆளுக்கொரு வேடம் இருக்கிறது என்று காட்டினார். தலைவன், அவனுக்குக் கையாள், பக்கத்தில் நின்று சிரித்து ஏற்றிவிடுகிறவர்கள், நமக்கெதுக்கு என்று ஒதுங்குகிறவர்கள், பாதிக்கப்பட்டவனுக்காக நிற்பவர்கள், பிறகு பாதிக்கப்பட்டவன். இதைப் படித்துவிட்டு வகுப்புக்குள் போனால் ஒவ்வொரு பெஞ்சாக அடையாளம் தெரிகிறது. சிரித்து ஏற்றிவிடுகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்தக் கேலி பிடித்திருப்பதுகூட இல்லை. சிரிக்காவிட்டால் அடுத்து நாம்தான் என்ற பயம். ஒதுங்குகிறவர்களோ தங்களை நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நாமும் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதுகிறோம், "அமைதியான மாணவி" என்று. அந்த அமைதி மாட்டிக்கொண்டவனுக்கு எப்படிக் கேட்கும்? எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள் என்றுதான் கேட்கும்.

நம்மூர்ப் பிள்ளைகள் எதைப் பிடித்துக் கேலி செய்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். நிறம், உடம்பு, பல், திக்கிப் பேசுவது, கண்ணாடி, ஃபெயில் ஆகி உட்கார்ந்தது, விடுதியில் தங்கிப் படிப்பது, அப்பாவின் தொழில், அப்பா இல்லாதது, அம்மா சத்துணவுக்கூடத்தில் வேலை பார்ப்பது, பையன் கொஞ்சம் மென்மையாக நடப்பது, பெண் கொஞ்சம் சத்தமாகப் பேசுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர். பட்டப்பெயர் வைத்தவன் பள்ளியை விட்டே போயிருப்பான், பெயர் மட்டும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை கூடவே வரும். கேட்டால் "சும்மா விளையாட்டுக்கு டீச்சர்" என்பார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் கேட்டாலும் அதையே சொல்லும், சிரித்துக்கொண்டே சொல்லும், ஏனென்றால் அழுதால் இன்னும் ஓட்டுவார்கள். கறுப்பை, குண்டை, வழுக்கையைக் காட்டிச் சிரிக்கவைக்கும் நகைச்சுவையை டிவியில் குடும்பத்தோடு பார்த்துச் சிரித்த பிள்ளை, காலையில் பள்ளிக்கு வந்து அதையே செய்தால் அதற்கு எங்கே தப்பு தெரியும்? எனவே நான் வகுப்பில் வைத்திருக்கும் அளவு ஒன்றே ஒன்றுதான். விளையாட்டென்றால் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும், ஒருவன் நிறுத்து என்றால் நிற்கவேண்டும். நிற்காதது விளையாட்டு இல்லை. இது பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது, கபடியில் பாடுகிறவன் மூச்சு விட்டபிறகும் யாரும் அடித்துக்கொண்டிருப்பதில்லையே.

இதில் வெளிநாட்டு ஆய்வுகள் நமக்கு முழுதாகப் பொருந்தாத ஓர் இடம் இருக்கிறது: சாதி. அங்கே பலத்தின் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் வகுப்பறைக்குள் உருவாகிறது. இங்கே அது கேட்டுக்கு வெளியிலிருந்து பிள்ளையோடு சேர்ந்து உள்ளே வருகிறது, சாயங்காலம் பிள்ளையோடு தெருவுக்கும் போகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியதாகப் பிடிபட்டவர்களில் அவரோடு படித்த மாணவர்களே இருந்தார்கள். அவர் தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்ததும், அதைப் பற்றிப் பள்ளியில் புகார் போன பிறகு தாக்குதல் நடந்ததும் அப்போது செய்திகளில் வந்தது. "டீச்சர்கிட்ட சொல்லு" என்று வாய் கூசாமல் சொல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடக் கடுமையான பாடம் கிடையாது. சொன்ன பிள்ளையைச் சொன்ன பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதை முடிவு செய்யாமல் சொல்லச் சொல்வது, அந்தப் பிள்ளையைத் தனியாக முன்னால் தள்ளிவிடுவதுதான்.

அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு ஒருநபர் குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் கூடாது என்ற பரிந்துரையைப் பற்றித்தான் டிவியில் சண்டை போட்டார்கள். எனக்கென்னவோ அதே அறிக்கையில் இருந்த சின்னச் சின்ன விஷயங்கள்தான் முக்கியமாகப் பட்டன: பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு இல்லாமல் இருப்பது போன்றவை. கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் அவிழ்த்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வான். பக்கத்தில் உட்கார்ந்தவனோடு ஒரு வருடம் ஸ்கேல், ஜாமெட்ரி பாக்ஸ், தண்ணி பாட்டில் எல்லாம் மாற்றிக்கொண்டால் அதற்கு வேறு பலன் உண்டு. 2024-இல் வந்த மகிழ் முற்றம் திட்டத்தில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரிக்கிறோம். பல பள்ளிகளில் அது பேட்ஜ் குத்துவதோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஒரே தெருப் பையன்கள் ஒரே குழுவில் விழாமல் பார்த்துப் பிரித்தால், அதைவிட நல்ல கருவி அரசாங்கம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது, நாக்கு போகவில்லை. "மண்ணு", "தடிமாடு", "உங்க அப்பா வேலைக்கே போயிடு" என்று ஒரு ஆசிரியர் ஒருமுறை சொன்னால் போதும், அது அந்த வகுப்புக்கு எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டு. பேப்பர் கொடுக்கும்போது மார்க்கை உரக்க வாசித்து, குறைந்த மார்க் வரும்போது ஒரு சின்ன இடைவெளி விட்டு நிமிர்ந்து பார்ப்பது இருக்கிறதே, அந்த இடைவெளியில்தான் வகுப்பு சிரிக்கிறது. லீடர் விஷயமும் அப்படித்தான். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுதும் அதிகாரத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, ஏன் இந்தப் பெயர் மட்டும் தினமும் வருகிறது என்று நாம் கேட்பதில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இரண்டு பெருக்கல் குறி... அந்தக் கணக்கை ஒரு வாரம் பார்த்தாலே வகுப்பின் அரசியல் முழுக்கத் தெரிந்துவிடும்.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? உறுதிமொழி, ஒருநாள் விழிப்புணர்வு, சார்ட் ஒட்டுவது இவற்றில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிள்ளைகள் காலை வணக்கக் கூட்டத்தில் எந்த உறுதிமொழியையும் ஒரே ராகத்தில் சொல்லிவிடுவார்கள்.

முதலில் வரைபடம். சமூக அறிவியல் டீச்சர் என்பதால் இது எனக்கு வசதி. பள்ளியின் வரைபடத்தை வரையச் சொல்வேன், அது பாடத்தில் இருப்பதுதான். பிறகு, பெயர் எழுதாமல், உங்களுக்குப் போகப் பிடிக்காத இடத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள், எந்த நேரத்தில் என்றும் எழுதுங்கள் என்பேன். யார் செய்கிறார்கள் என்று கேட்பதில்லை, அதனால் போட்டுக்கொடுத்த பாவமும் யாருக்கும் இல்லை. நாற்பது தாளையும் சேர்த்துப் பார்த்தால் பள்ளி வேறு மாதிரித் தெரியும். கழிவறைக்குப் பின்னால் இருக்கும் சந்து, சைக்கிள் ஸ்டாண்ட், மத்தியானம் தட்டு கழுவும் குழாயடி, மாடிப்படித் திருப்பம், சாயங்காலம் பஸ் ஸ்டாப். குழாயடி எனக்கு அதிர்ச்சியாக இருந்தது, தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டுப் பெரியவர்கள் முதலில் கழுவுவதும், யார் தட்டில் யார் தண்ணீர் தெறித்தது என்பதில் ஆரம்பித்து வேறு எங்கேயோ போய் முடிவதும் அங்கேதான் நடந்திருக்கிறது. இதற்கு நீதிபோதனை தேவைப்படவில்லை. மத்தியானம் அங்கே ஒரு ஆசிரியர் நின்றார், ஆறாம் வகுப்புக்குத் தனிக் குழாய் ஒதுக்கினோம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குள் இரக்கம் வளர்வதற்கு முன்னால் அந்த இடத்தில் நெருக்கடி குறையவேண்டும் என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அப்புறம், வாய்ப்பயிற்சி. சிரிக்காதே, தடுத்து நிறுத்து என்று சொன்னால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வதென்று தெரியாது. வீரமாகப் போய் நடுவில் நிற்கச் சொல்வதும் ஆபத்து, நம்மூரில் ரொம்பவே ஆபத்து. அதனால் சின்ன வார்த்தைகளை வகுப்பிலேயே உரக்கச் சொல்லிப் பழக்குகிறோம். "விடுடா, போதும்." "வா, டீச்சர் கூப்பிடுறாங்க" என்று மாட்டிக்கொண்டவனை மட்டும் இழுத்துக்கொண்டு போவது. அதுவும் முடியாதென்றால் சிரிக்காமல் இருப்பது, நோட்டைப் பார்ப்பது, அந்த இடத்தைவிட்டு எழுந்துபோவது. கடைசியாக, பிறகு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து "அவன் சொன்னது தப்பு" என்று ஒரு வரி சொல்வது. இந்தக் கடைசி விஷயம் கோழைத்தனம் இல்லையா டீச்சர் என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்றேன். தனக்கு நடந்ததைத் தப்பென்று இன்னொருத்தரும் நினைக்கிறார் என்பது தெரியாமல் வீட்டுக்குப் போகிற பிள்ளைதான் ராத்திரி தூங்காது. பழக்கும்போது ஒரு கவனம் வேண்டும், உண்மையில் கேலிக்கு ஆளாகும் பிள்ளையை ஒருபோதும் அந்த வேடத்தில் நிறுத்தக்கூடாது. நான் டஸ்டரை நாற்காலியில் வைத்து "இவன்தான் புதுசா வந்த பையன்" என்பேன். டஸ்டருக்காக எட்டாம் வகுப்பு பையன்கள் பரிந்துபேசுவதைப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று, பாடத்தையே துண்டாக்குவது. 1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முதலாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது அடிதடி வெடித்தது. எலியட் அரன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் அன்பாக இருங்கள் என்று பேசவில்லை, பாடத்தைப் பிரித்துக் குழுவில் ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்தார். ஒருவன் சொல்லாமல் மற்றவர்களுக்கு அந்தப் பகுதி தெரியாது. இயற்கை இடர்கள் பற்றிய பாடத்தை நான் அப்படிப் பிரிக்கிறேன்: நிலநடுக்கம், புயல், வெள்ளம், வறட்சி, நிலச்சரிவு. ஒரே தலைப்பு கிடைத்தவர்கள் முதலில் சேர்ந்து உட்கார்ந்து படித்துத் தயாராவார்கள், பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பிப்போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆரம்பத்தில் ஒரே இரைச்சல், பக்கத்து வகுப்பு சார் எட்டிப்பார்த்து முறைப்பார், போர்ஷன் முடியாது என்ற பயம் வேறு. ஆனால் திக்கிப் பேசுகிற பையனிடம் புயல் பகுதி இருந்தால், அவன் முடிக்கும்வரை நாலு பேர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும், டெஸ்டில் அது வரும். அவசரப்படுத்தினால் அவன் இன்னும் திக்குவான், நேரம்தான் போகும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். முதலில் சுயநலத்துக்காகப் பொறுமையாக இருப்பார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, பொறுமை பழக்கமானால் சரி. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை செய்தால் பிரயோஜனம் இல்லை, விடாமல் செய்யவேண்டும்.

பிறர் மனதைப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்தால் கொடுமை நின்றுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. இங்கிலாந்தில் 1999-இல் வந்த ஓர் ஆய்வில், தலைமை தாங்கிச் சீண்டும் பிள்ளைகள் மற்றவர்களின் மனதை ஊகிப்பதில் பின்தங்கியிருக்கவில்லை, தங்கள் கையாட்களைவிடவும் பாதிக்கப்பட்டவர்களைவிடவும் நன்றாகவே செய்தார்கள். வகுப்பில் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. எந்தப் பிள்ளையை எந்த வார்த்தையால் குத்தினால் அழும் என்று அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். தெரிவது ஒன்று, அதற்காக வருந்துவது வேறு. வருத்தத்தை அதிரடியாக வரவழைக்கப் பார்ப்பதும் எனக்கு உவப்பில்லை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5, அமெரிக்காவின் ஐயோவாவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்பை நீலக் கண், பழுப்புக் கண் என்று பிரித்து, ஒரு பிரிவை உயர்ந்ததென்று சொல்லி நடத்தினார். உலகமெல்லாம் பேசப்பட்ட பயிற்சி, துணிச்சலான பெண்மணி. ஆனால் தினமும் நிஜமாகவே பிரித்து நடத்தப்படுகிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், ஒரு நாள் நாடகத்துக்காக நான் பிரித்துக்காட்டுவதா? டொராண்டோவில் 1996-இல் மேரி கார்டன் தொடங்கிய முறை எனக்குப் பிடிக்கும். ஒரு கைக்குழந்தையை அதன் அம்மாவோ அப்பாவோ வருடம் முழுக்க அவ்வப்போது வகுப்புக்குக் கூட்டிவருவார்கள், ஏன் அழுகிறது, எதற்குச் சிரிக்கிறது என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்லவேண்டும். நம் ஊரில் எத்தனையோ தொடக்கப்பள்ளிகளுக்குப் பக்கத்துக் கட்டடமே அங்கன்வாடிதான். யாராவது முயன்று பார்க்கலாம்.

சீண்டுகிறவனை என்ன செய்வது? தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதுதான், வகுப்பின் முன்னால் ஒருபோதும் இல்லை. வகுப்பின் முன்னால் திட்டினால் அது அவனுக்கு இன்னொரு மேடை. ஏன் செய்தாய் என்று கேட்டால் ஆயிரம் காரணம் சொல்வான், அதனால் ஏன் என்ற கேள்வியே வேண்டாம். "அவன் ரெண்டு வாரமா மத்தியானம் தனியா சாப்பிடுறான். அதுக்கு நீ என்ன பண்ணப்போற?" என்று கேட்டு, அவன் சொல்வதை நோட்டில் எழுதி, ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவேன். அந்தத் திரும்பக் கூப்பிடுவதுதான் முக்கியம், பல பேர் அதைச் செய்வதில்லை. இதோடு, பள்ளிகளில் சீண்டலைத் தடுக்க ஃபின்லாந்தில் உருவாக்கிய கிவா என்ற திட்டத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்: வகுப்பில் மதிப்புள்ள, நல்ல மனசுள்ள இரண்டு மூன்று பேரைத் தனியாக அழைத்து, மாட்டிக்கொண்டவனுக்குத் துணையாக இருக்கச் சொல்வது. முதல் மார்க் வாங்குகிறவள் அதற்குச் சரிப்படமாட்டாள், டீச்சரின் ஆள் என்று ஒதுக்கிவிடுவார்கள். கபடி டீமில் ஆடுகிறவன், நன்றாகப் பாடுகிறவள், எல்லோரும் பின்னால் ஓடுகிற அந்த ஆள் வேண்டும். அப்படி ஒருவன் போய் அவனோடு சாப்பிட உட்கார்ந்தால், மறுநாள் அந்த இடத்தில் கூட்டம் சேரும்.

இதையெல்லாம் செய்தால் கொடுமை அறவே ஒழியும் என்று நான் சொல்லமாட்டேன். பல நாடுகளின் திட்டங்களைத் தொகுத்து அளந்தவர்கள், சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்கிறார்கள். பெர்கனில் கண்ட அளவு எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. நாற்பது பேர் வகுப்பில் அந்தக் குறைவு என்பது ஒரு பிள்ளையோ இரண்டு பிள்ளையோ காலையில் வயிற்றுவலி என்று பொய் சொல்லாமல் கிளம்பி வருவது. எனக்கு அது போதும்.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப்போட மாணவர் மனசு என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறோம், நல்ல ஏற்பாடு, ஆனால் அது தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே, எல்லோரும் நடமாடும் வராண்டாவில் தொங்கினால் யார் போடுவார்கள்? நூலகத்துக்குள், புத்தகம் எடுக்கிற சாக்கில் போகிற இடத்தில் மாற்றினால் தாள் விழுகிறது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் பாடப்புத்தகத்தின் அட்டைக்குள் பிள்ளைகளை விட்டே எழுதவைப்பது நல்லது. சுவரில் எழுதியிருப்பதை அவசரத்துக்கு யாரும் ஓடிப்போய்ப் படிக்கமாட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் அப்பாக்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "திருப்பி அடிச்சுட்டு வாடான்னு சொல்லியிருக்கேன் டீச்சர்." அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. "அண்ணே, திருப்பி அடிக்க முடிஞ்சிருந்தா அவன் எங்கிட்டயே வந்திருக்கமாட்டான்" என்பேன். முடியாத பிள்ளையிடம் அடி என்று சொன்னால், பள்ளியில் தோற்றது போதாதென்று வீட்டிலும் தோற்றுப்போகும். பிறகு வீட்டிலும் சொல்லாது.

போன் விஷயம்தான் இப்போது எல்லாவற்றையும்விடச் சிக்கலாக இருக்கிறது. கொரோனா காலத்தில் பாடத்துக்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப் பழக்கம் போகவே இல்லை. ஆசிரியர் இல்லாத ஒரு குரூப் எல்லா வகுப்புக்கும் இருக்கிறது, போன் அம்மாவுடையது. தூங்குகிறபோது எடுத்த போட்டோவை ஸ்டிக்கராக்கி அனுப்புவார்கள், அது இரவு பத்து மணிக்கு வரும், காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே எல்லோரும் பார்த்து முடித்திருப்பார்கள். குழாயடியில் ஆசிரியரை நிற்கவைக்கலாம், இதில் எங்கே நிற்கவைப்பது? இங்கேயும் முப்பத்தாறு பேரிடம்தான் போகவேண்டியிருந்தது. ஃபார்வர்டு செய்யாதே, சிரிப்பு எமோஜி போடாதே, போட்டவனுக்குத் தனியாக "அதை டெலிட் பண்ணு" என்று அனுப்பு. இவ்வளவுதான் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணின் ஸ்டிக்கர் சுற்றியபோது, என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் தோழிகள் நாலைந்து பேர் அந்தக் குரூப்பிலிருந்து வெளியேறி, வீட்டுப்பாடத்துக்கு மட்டும் என்று வேறொன்று ஆரம்பித்திருக்கிறார்கள், ஸ்டிக்கர் போட்டால் நீக்கிவிடுவோம் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். கேள்வி பதில் எல்லாம் அங்கே கிடைக்கிறது என்பதால் பாதி வகுப்பு அங்கே போய்விட்டது, ஸ்டிக்கர் செய்த பையனும் கேட்டுச் சேர்ந்திருக்கிறான். பழைய குரூப் இன்னும் இருக்கிறதாம். அதில் இப்போது பெரும்பாலும் கிரிக்கெட் ஸ்கோர்தான் வருகிறது என்கிறார்கள்.